சாராயப் புட்டிக்கு என்ன நிறச் சீட்டு?

ஊத்துக்காட்டுத் தோட்டம், மேற்பிரிவு,
பசறை.
பிரமாதீச வருஷம், கார்த்திகை மாதம்,
ஞாயிற்றுக்கிழமை பகல்.

மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் கந்தப்பன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை பாக்கியலெட்சுமியைக் கைப்பிடித்தவனும் இத்தோட்டத்துக் கணக்கப்பிள்ளையுமாகிய சிவஞானம் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் தங்கள் தங்கையும் என் மகள் பெரியாயியும் இரண்டு மாதமாகப் பதுளையில் தங்கள் வீட்டில் இருக்கிறபடியால், இவ்விடத்து எல்லோரும் என்பது நானும், முட்டையிடுவதை நிறுத்திவிட்ட ஒரு கோழியும்தான். கோழி சுகம். அவ்விடம் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முருகப்பெருமானைப் பிரார்த்திக்கிறேன்.

இக்கடிதம் எழுதும் காரியம் இரண்டு. முதலாவது, சென்ற செவ்வாய்க்கிழமை பசறைக் கடைத்தெருவில் நடந்ததற்குத் தங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பதும், வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரையும் மறுபடி வண்டியேற்றி அனுப்பும்படி கேட்பதும். இரண்டாவது, ஒரு சந்தேகம். தாங்கள் பதுளை மருந்துக்கடையில் இருபது வருஷமாகப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறவர். குடிக்கிற மருந்துக்கு வெள்ளைச் சீட்டு, மேலுக்குப் பூசுகிறதற்கு நீலச் சீட்டு, விஷத்துக்குச் சிவப்புச் சீட்டு. அபின் டப்பிக்குத் தாங்கள் சிவப்பு ஒட்டுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு சாராயப் புட்டியைத் தங்கள் முன்னால் வைத்தால் எந்தச் சீட்டை ஒட்டுவீர்கள்? இதற்கு நேரான பதில் தெரிந்தால் என் குடும்பம் ஒன்று சேர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

நான் முழு நிதானத்தில் இதை எழுதுகிறேன் என்பதைத் தாங்கள் கையெழுத்தைப் பார்த்தே அறியலாம். மேசைமேல் மைக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு புட்டி சாராயம் நிற்பது உண்மை. மறைப்பானேன்? அது என்னுடையதல்ல, முனியாண்டியுடையது. வருகிற வெள்ளிக்கிழமை நான் புதிதாகச் செய்யப்போகும் சத்தியத்துக்குப் படையல். பூசாரி சடையன், "என் வூட்டுல வச்சா வெள்ளிக்கிழமை வரைக்கும் தங்காதுங்க, நீங்களே வச்சிருங்க" என்று உண்மையை ஒப்புக்கொண்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கார்க்கின்மேல் அரக்கு முத்திரை அப்படியே இருக்கிறது.

அபின் கதை தாங்கள் அறியாததல்ல. போன வருஷம் எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தபோது கங்காணி ஒருவர் கடுகளவு அபினை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துவிட்டார். வலி போயிற்று. கொஞ்ச நாளில் பல்லும் போயிற்று. அபின் மட்டும் போகவில்லை. காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் பதிகிற நேரத்தில் நின்றுகொண்டே தூங்கப் பழகினேன். ஒருநாள், துரையின் பக்கத்தில் நின்ற அவருடைய நாயையும் பதிந்து, அது கொஞ்சம் பிந்தி வந்ததால் அதற்கு அரைநாள் கூலிக்கு அரைப் பேர் போட்டுவிட்டேன். துரை சிரித்தார். பாக்கியம் சிரிக்கவில்லை. பிறகு ஒருநாள் பெரியாயி லயத்து வீடுகளின் தண்ணீர் ஓடுகிற கானில் வழுக்கி விழுந்து, முட்டி சிராய்த்து, "அப்பா, அப்பா" என்று கத்தியிருக்கிறாள். நான் வாசலில் உட்கார்ந்து, நல்ல பாட்டுக் கேட்கிறவனைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேனாம். பாக்கியம் துணியை மூட்டை கட்டியது அன்றைக்குத்தான். அதில் அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அழைத்துப் போக வந்த தாங்கள் வண்டியில் ஏறும்போது சொன்னது எனக்கு மனப்பாடம். "மாப்பிள, ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாள் லாகிரி இல்லாம இருந்து காட்டுங்க. நானே வண்டியேத்தி அனுப்புறேன்." அடுத்த வெள்ளிக்கிழமையே சத்தியம் செய்ய மலைக்குப் போனேன்.

இந்தத் தோட்டத்தில் சத்தியம் என்றால் முனியாண்டி முன்னால் சூடம் அணைக்கவேண்டும். வேறெந்தச் சாமி முன்னால் செய்தாலும் ஆட்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். முனியாண்டிக்குப் படையல் ஒரு சேவல், இரண்டு சுருட்டு, ஒரு புட்டி சாராயம். எல்லாம் முறைப்படி வைத்தாயிற்று. சடையன் உள்ளங்கையில் சூடத்தை ஏற்றிக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"நான் சொல்ற மாதிரியே சொல்லுங்க கணக்கப்புள்ள. அபின் தொடமாட்டேன்."

"அபின் தொடமாட்டேன்."

"கஞ்சா தொடமாட்டேன்."

கஞ்சாவை நான் ஆயுசில் தொட்டதில்லை. இருந்தாலும் சொன்னேன்.

"சாரா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய கண் சாமி காலடியில் இருந்த புட்டிக்குப் போயிற்று. சுற்றி நின்ற ஆட்களும் புட்டியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"என்னங்க பூசாரி, நிறுத்திட்டீங்க?"

"சும்மா இருங்க. சாமி குடிக்கிறதை சாமி முன்னாலயே கெட்டதுன்னு சொல்லச் சொல்றீங்களா? நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் படைக்கிறது?"

"அப்ப அதை விட்டுருங்க."

"விட்டாச்சு. சீக்கிரம் அணைங்க, கை வேகுது."

அணைத்தேன். அணைத்த கையிலேயே பிரசாதமும் ஊற்றினார்கள். சாமி பிரசாதத்தை வேண்டாமென்று சொல்ல நான் யார்?

இங்கே சற்று எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். சாரல் மேசைவரை அடிக்கிறது. அந்த ஈரத்தில் அரக்கு முத்திரை தானாகவே விரிசல் விட்டிருக்கிறது. நான் தொடவில்லை.

சத்தியத்துக்குப் பிறகு முதல் பத்து நாள் பட்ட பாட்டை எதிரிக்கும் சொல்லமாட்டேன். மூக்கு ஓடும், கால் இழுக்கும், வேகிற வெயிலிலும் மயிர்க்கூச்செறியும். சடையன்தான் வந்து பார்த்துவிட்டு, "சாமி உத்தரவுதான் இருக்கே, ஒரு மடக்கு குடிங்க" என்றார். குடித்தேன். கால் இழுப்பது நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றுமுதல் சுவரில் கரித்துண்டால் நாளுக்கொரு கோடு போட்டு வந்தேன். அபின் தொடாத நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. ஒரு மடக்கு இரண்டானது, இரண்டு மூன்று வேளையானது, ஆனால் கோட்டில் ஒரு பொய்யும் இல்லை.

முப்பதாவது கோட்டன்று தாங்கள் பார்க்க வந்தீர்கள். கோடுகளை விரல் வைத்து எண்ணினீர்கள். பிறகு மூக்கைச் சுளித்தீர்கள்.

"என்ன மாப்பிள, வாசம்?"

"வாயுவுக்குங்க மச்சான்."

"எத்தன வேள?"

"மூணு வேள."

"அபின் எத்தன வேள தின்னுக்கிட்டு இருந்தீங்க?"

"ரெண்டு."

தாங்கள் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டீர்கள். அன்றைக்கே என்னைக் கன்னத்தில் நாலு அறைந்திருக்கலாம். மரியாதையுள்ளவர், செய்யவில்லை. ஆனாலும் சொன்ன சொல் தவறாமல் நாற்பத்தெட்டாவது கோட்டன்று அவர்களை வண்டியேற்றினீர்கள். தாங்கள் தயங்கியதாகவும், பாக்கியம்தான் "நீங்க குடுத்த வாக்குண்ணே, நான் போறேன்" என்று நின்றதாகவும் வண்டிக்காரன் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை.

முத்திரை விட்டுப்போன புட்டியைச் சாமிக்கு எப்படி வைப்பது என்று இப்போது ஒரு கவலை. உள்ளே மழைத்தண்ணீர் இறங்கியிருந்தால் குற்றமல்லவா? ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன். இறங்கவில்லை. நல்ல சரக்கு.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் பொறுமையாகக் கேளுங்கள். வண்டி பசறைக்குப் பத்து மணிக்கு வரும், நான் போய்க் கூட்டிவரவேண்டும். நாலு மைல்தான். விடியற்காலையிலேயே குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்துப் புறப்பட்டேன். மண்டலம் நிறைந்த நாளல்லவா, சாமிக்கு நன்றி சொல்லாமல் எப்படிப் போவது? மலையேறினேன். அங்கே சடையன் சேவலும் சுருட்டும் புட்டியுமாக உட்கார்ந்திருந்தார். லயத்து ஆட்கள் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். கணக்கப்பிள்ளை சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார் என்று ஆளுக்கொரு கை பிரசாதம் ஊற்றினார்கள். ஒருவர் கையால் வாங்கிக்கொண்டு இன்னொருவர் கையால் வாங்காவிட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று பத்துப் பேர் கையாலும் வாங்கிக்கொண்டேன். பிறகு வேலடியில் சற்றே தலை சாய்த்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சாமி வந்து படுத்திருக்கிறது என்று நினைத்து, ஒருத்தர்கூட என்னை எழுப்பவில்லை. மஞ்சள் தண்ணீர் தெளித்து, கும்பிட்டுவிட்டு, வேலைக்குப் போய்விட்டார்கள். கண் விழித்தபோது வேட்டி மழையில் தொப்பலாக நனைந்திருந்தது, பொழுது மேற்கே சாய்ந்திருந்தது. காலில் பதினோரு அட்டை.

நாலு மைலும் ஓடினேன் மச்சான். தலைப்பாகை எங்கே விழுந்ததென்று இன்றுவரை தெரியாது. வண்டி நிற்கிற இடத்துக்கு எதிரே ஜவுளிக்கடை வைத்திருக்கிற மொஹிதீன் முதலாளி என்னைப் பார்த்ததும் முழக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க போனீங்க கணக்கப்புள்ள? பத்து மணியிலயிருந்து நாலு மணி மட்டுக்கும் அந்தப் பொம்புளயும் புள்ளயும் மழைக்குள்ள நின்டாங்க. கடைக்குள்ள வந்து இரிங்கன்னு நான் எத்தன தரம் சொன்னேன்! அந்தச் சின்னப் புள்ள கேக்கல்ல. 'உள்ள போனா அப்பாவுக்குத் தெரியாது'ன்னு சொல்லித் தூணடியிலயே நின்டது."

பெரியாயி பதுளைப் பள்ளிக்கூடத்தில் எழுதப் படித்துவிட்டாளாமே. நீங்கள் எனக்கு எழுதவில்லை. சிலேட்டுப் பலகையில் 'அப்பா' என்று எழுதி எனக்குக் காட்டக் கொண்டுவந்திருக்கிறாள். சாரலில் எழுத்துக் கரைந்திருக்கிறது. துடைத்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறாள். அதுவும் கரைய, மறுபடி எழுதியிருக்கிறாள். முதலாளி சொன்னார், மூன்று தரம் எழுதினதாம் பிள்ளை. நாலாவது தரம் எழுதக் குச்சி தேய்ந்து போயிற்றாம்.

பாக்கியம் ஏதாவது சொல்லிவிட்டுப் போனாளா என்று கேட்டேன். முதலாளி சொல்லத் தயங்கினார். வற்புறுத்தினேன். வண்டி ஏறும்போது சொன்னாளாம்: "அபின் தின்னப்ப மனுசன் வூட்டுலயாச்சும் கெடந்தாரு. இப்ப அதுவும் இல்ல. வண்டியத் திருப்பச் சொல்லுங்க மொதலாளி."

அந்தக் கடையிலேயே ஒரு பலகைக்குச்சி வாங்கினேன். இந்த மேசையில்தான் இருக்கிறது. புட்டிக்கு இந்தப் பக்கம் மைக்கூடு, அந்தப் பக்கம் குச்சி. மழை விட்டபாடில்லை. சாமிக்கு முழுப் புட்டி என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லையே, தோள் மட்டத்துக்கு இருந்தால் போதாதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். போதும் என்றுதான் தோன்றுகிறது.

இப்ப நீங்களே சொல்லுங்க மச்சான், நியாயத்தைச் சொல்லுங்க. அபின் வாங்கணும்னா பேரு பதிஞ்சு அட்டை வாங்கணும். சாராயத்துக்கு என்ன? தவறணைக் கதவு திறந்தே கெடக்குது. மழை நாள்ல தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுற ஆளுகளுக்குத் துரையே ஆளுக்கொரு மடக்கு குடுக்குறாரு. அபின் குடுப்பாரா? மாட்டாரு. பூசாரி குடிக்கிறாரு, சாமி குடிக்குது. உங்க மருந்துக்கடையிலயே பாதி மருந்துல சாராயம்தான் இருக்குன்னு நீங்களே ஒருக்கா சொல்லியிருக்கீங்க. அதுக்கெல்லாம் வெள்ளைச் சீட்டுத்தானே ஒட்டுறீங்க? அப்ப இது மருந்துதானே? சத்தியத்துல இல்லாததைக் குடிச்சவன் சத்தியம் தப்பினவனா? ஒரு கோடு கூடப் பொய்யாப் போடலையே நான்!

அப்படின்னு அஞ்சு நாளா நானே கேட்டு நானே ஜெயிச்சுக்கிட்டு இருக்கேன் மச்சான். ஜெயிச்சு என்ன பிரயோசனம்? கண்ணை மூடினா அந்தப் புள்ள தூணடியில நிக்குது. அபின்ல இருந்தப்ப அவ கூப்பிட்டது காதுல பாட்டு மாதிரி கேட்டுச்சு, எந்திரிக்கல. இப்ப அவ கூப்பிட்டது காதுலயே விழல. ரெண்டுலயும் நான் போகல. போகாதவனுக்கு எந்தச் சீட்டா இருந்தா என்ன?

டேய் கந்தா, நீ நல்லவன்டா. உன் தங்கச்சியும் நல்லவ. நான் ஒருத்தன்தான் இந்த வூட்டுல கேடுகெட்டவன், கோழியும் என்னைய மதிக்க மாட்டேங்குது. பத்து வருசமா உன்னைய 'மச்சான் வாங்க, மச்சான் உக்காருங்க'ன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன், உள்ளுக்குள்ள உன்னையக் கட்டிப் புடிச்சு அழணும்னு இருந்துச்சு, ஒருக்காவாச்சும் அழுதேனா? நீ அன்னைக்குக் கொடையைத் தூக்கிக்கிட்டுப் போனியே, ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம்ல? பெத்த புள்ளைய மழையில நிக்க வச்சவன் மனுசனாடா? வர்ற வெள்ளிக்கெழம சத்தியமாச் சத்தியம் பண்ணுறேன். சாராயம்னு வாய் நெறையச் சொல்லித்தான் சூடம் அணைப்பேன், சாமி கோவிச்சுக்கிட்டாலும் சரி. ஞாயித்துக்கெழம அனுப்பிரு. தூணடியில நான்தான் நிப்பேன். விடியக்காலமே வந்து நிப்பேன். மழை பெய்யட்டும்.

சாமிக்குப் புட்டியின் அடியில் கொஞ்சம் இருந்தாலும் போதும். சாமி கணக்குப் பார்க்காது.

இப்படிக்கு, தங்கள் குடும்பத்தார் யாவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழவும், தாங்கள் ஒட்டுகிற சீட்டு எதுவும் மாறிப்போகாதிருக்கவும், அக்காவின் முழங்கால் வலி இந்தத் தையோடு தீரவும், பெரியாயிக்கு நல்ல படிப்பு வரவும் எல்லாம்வல்ல முருகனும் முனியாண்டியும் அருள் புரிவார்களாக. பாக்கியத்துக்கு என் அன்பு, அவள் ஏற்றுக்கொண்டால்.

சிவஞானம்

பின்குறிப்பு. திங்கட்கிழமை காலை, பெரட்டுக்கு முன்.

உறையை ஒட்டுவதற்கு முன்னால் ஒருதரம் வாசித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் தங்களைத் 'தாங்கள்' என்று எழுதியிருக்கிறேன். அப்புறம் 'நீங்கள்', அப்புறம் 'மச்சான்', கடைசிப் பக்கத்தில் 'டேய்'. வயதில் மூத்தவரை அப்படி எழுதியதற்கு மன்னிக்கவும். புட்டி மேசைக்குக் கீழே கிடக்கிறது. சாமிக்கு ஒன்றும் மீதி இல்லை. இதைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சுத்தமான கடிதம் ஒன்று எழுதலாம் என்று காகிதத்தை எடுத்தேன். எழுதினால் அது பொய்க் கடிதமாகிவிடும் என்று இதையே அனுப்புகிறேன்.

சீட்டைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் எழுத வேண்டாம். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், கடையில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சடையன் இப்போதுதான் வந்து, வெள்ளிக்கிழமைக்கு வேறு புட்டி கொண்டுவருவதாகவும் அதையும் நானே வைத்திருக்கும்படியும் சொன்னார். வேண்டாமென்று சொல்லிவிட்டேன். சத்தியமும் இப்போது வேண்டாமென்று சொன்னேன். அவருக்கு வருத்தம்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்களை அனுப்ப வேண்டாம். சுவரில் இருந்த நாற்பத்தெட்டுக் கோட்டையும் இன்று காலை சாணி கரைத்து மெழுகிவிட்டேன். முதல் கோட்டை நாளைக்குத்தான் போடுவேன். எத்தனை கோட்டுக்கு அப்புறம் அனுப்பலாம் என்பதைத் தாங்களே வந்து முகர்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

பலகைக்குச்சியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்திருக்கிறேன், உடையாமல் கொடுக்கவும். பிள்ளை கேட்டால் அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை அதிகம் என்று சொல்லுங்கள். பாக்கியத்திடம் உள்ளதைச் சொல்லுங்கள்.